ரீடிங் எடுத்தவர்கள்

என் அம்மா பாசி எடுக்கப் போனவர். பாம்பனிலிருந்து குருசடைத் தீவுப் பக்கம் ஐந்தாறு பெண்களாகச் சேர்ந்து வத்தையில் போவார்கள். விரல்களில் துணி சுற்றி, காலில் ரப்பர் செருப்பைக் கயிறு போட்டு இறுக்கி, கண்ணாடி மாட்டி, இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்து முங்குவார்கள். பள்ளி விடுமுறையில் நானும் கூடப் போனேன். முதல் நாள் தண்ணீருக்குள் எனக்குக் கல் மட்டும்தான் தெரிந்தது. பாசி எங்கே என்று கேட்டேன்.

"கல்லையே பாத்தா கல்லுதான் தெரியும். கண்ணு பழகணும்டி" என்றார் அம்மா.

மூன்றாம் நாள் கல் வேறாகவும் பாசி வேறாகவும் தெரிந்தன. மரிக்கொழுந்துப் பாசி எது, கஞ்சிப் பாசி எது என்று பிரித்துப் பார்க்க இன்னும் பல நாள் ஆயிற்று. அம்மாவுக்கு அது ஒரு நொடி வேலை. அதை அறிவு என்று யாரும் சொன்னதில்லை. அவரும் சொல்லிக்கொண்டதில்லை.

பாசிக் காசில்தான் நான் இயற்பியல் முதுகலை வரை படித்தேன். இரண்டாம் ஆண்டில் கடற்கரை மணலின் கதிரியக்கத்தை அளக்கும் ஆய்வு ஒன்றில் எங்கள் நால்வரைச் சேர்த்தார்கள். இரண்டு பையன்கள், இரண்டு பெண்கள். எங்கள் ஊர் மணலைப் பையில் கட்டி பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போனவள் நான். கைகர்-முல்லர் எண்ணியின் முன்னால் உட்கார்ந்து நிமிடத்துக்கு எத்தனை, மணல் இல்லாதபோது எத்தனை, மணல் வைத்தபோது எத்தனை என்று வாரக்கணக்கில் நோட்டில் குறித்தவர்கள் நாங்கள் இரண்டு பெண்கள். கருத்தரங்கில் கட்டுரை வாசிக்கப்பட்டபோது அதில் வழிகாட்டியின் பெயரும் பையன்கள் இருவரின் பெயரும் இருந்தன. தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. பரிவாகவே பதில் சொன்னார்: "ரீடிங் எடுக்கிறது யார் வேணும்னாலும் செய்யலாம்மா."

இருபது வருடங்களுக்கும் மேலாக அந்த வாக்கியம் என்னோடு இருக்கிறது. அது உண்மைதானா என்று தேடிப் போனதில் கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். அணுவுக்குள் என்ன இருக்கிறது என்பதைக் கண்டுகொண்ட வரலாறு, ஒரு விதத்தில், ரீடிங் எடுத்தவர்களின் வரலாறு.

இப்போது நான் பள்ளி ஆசிரியை. அணு அமைப்பு பாடத்தை நடத்தும்போது கரும்பலகையில் ஒரு சிறிய அட்டவணை போடுவேன். எலக்ட்ரான், எதிர்மின்சுமை, தாம்சன், 1897. புரோட்டான், நேர்மின்சுமை, ரூதர்ஃபோர்டு. நியூட்ரான், மின்சுமை இல்லை, சாட்விக், 1932. பிள்ளைகள் அப்படியே எழுதிக்கொள்வார்கள். ஒரு மதிப்பெண் வினாவுக்கு அது போதும்.

ஆனால் அந்த அட்டவணை நிற்கும் தரை அவ்வளவு உறுதியானதல்ல. சில புத்தகங்களில் புரோட்டானுக்கு நேராகக் கோல்ட்ஸ்டீன் என்று இருக்கும், சிலவற்றில் ரூதர்ஃபோர்டு என்று. காரணம் எளிது. 1886இல் மின்னிறக்கக் குழாயில் நேர்மின் கதிர்களைப் பார்த்தவர் கோல்ட்ஸ்டீன். அந்தக் கதிர்களுக்குள் ஹைட்ரஜனின் அணுக்கரு இருக்கிறது என்பதோ, அதுவே எல்லா அணுக்கருவிலும் உள்ள செங்கல் என்பதோ அவருக்குத் தெரியாது. ரூதர்ஃபோர்டு ஆல்ஃபா துகள்களை நைட்ரஜன்மீது மோதவிட்டு, உள்ளிருந்து ஹைட்ரஜன் அணுக்கரு தெறித்து வருவதை 1919இல் அறிவித்தார். அதற்குப் புரோட்டான் என்ற பெயர் 1920இல் வந்தது. ஒருவர் பார்த்தார், இன்னொருவர் அது என்ன என்று சொன்னார். 'கண்டுபிடித்தவர்' என்ற கட்டத்தில் யாரை எழுதுவது என்பது அப்போதே சிக்கல்தான்.

ரூதர்ஃபோர்டின் ஆய்வில் புரோட்டான் எப்படித் தெரிந்தது? துத்தநாக சல்ஃபைடு பூசிய திரையில் ஒரு துகள் மோதினால் மங்கலாக ஒரு புள்ளி மின்னி மறையும். அதை நுண்ணோக்கி வழியாக மனிதக் கண் பார்த்து எண்ண வேண்டும். அதற்கு முன்னால் அரை மணி நேரம் இருட்டில் உட்கார்ந்து கண்ணைப் பழக்க வேண்டும். சில நிமிடங்கள் எண்ணினாலே கண் சோர்ந்துவிடும். பிறகு இன்னொருவர் உட்கார வேண்டும். அணுவின் உள்ளமைப்பு பற்றிய முதல் அறிவில் பெரும்பகுதி இப்படி இருட்டில் கண் பழகியவர்களின் எண்ணிக்கையிலிருந்து வந்தது.

வியன்னாவில் 1910இல் தொடங்கப்பட்ட ரேடியம் ஆய்வு நிறுவனத்தில் இந்த எண்ணும் வேலையில் பெண்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அங்கே ஆய்வாளர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பெண்கள். அந்தக் காலத்து ஐரோப்பாவில் இது அபூர்வம். 1920களில் அங்கே பணியாற்றிய பெட்டர்சன், கிர்ஷ் என்ற இரு ஆண்கள், கார்பன் போன்ற தனிமங்களிலிருந்தும் புரோட்டான் தெறிக்கிறது என்று அறிவித்தார்கள். கேம்பிரிட்ஜில் அப்படி எதுவும் தெரியவில்லை. சண்டை பல ஆண்டுகள் நீடித்தது. 1927 டிசம்பரில் சாட்விக் நேரே வியன்னாவுக்குப் போனார். எண்ணும் பெண்களிடம் எந்தச் சமயத்தில் என்ன வைக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லாமல் வரிசையை மாற்றி மாற்றி எண்ணச் சொன்னார். வியன்னாவின் புரோட்டான்கள் காணாமல் போயின. நிறுவனத்தின் தலைவர் ஸ்டெஃபான் மேயர் வெளிப்படையாக மறுப்பு வெளியிட முன்வந்தார். கௌரவம் கருதி விஷயம் வெளியே வராமல் அமுக்கப்பட்டது.

இந்த நிகழ்ச்சியை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். பெண்களின் கண் பொய் சொல்லிவிட்டது என்று இதைச் சுருக்கிவிடலாம். ஆனால் என்ன தெரிய வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்தவர்களுக்கு அதுவே தெரிந்தது. அந்த எதிர்பார்ப்பை அந்த அறைக்குள் கொண்டுவந்தவர்கள் ஆய்வின் தலைவர்கள். எதிர்பார்ப்பை எடுத்துவிட்டபோது அதே பெண்கள், அதே கண்கள், சரியாகவே எண்ணின. ரீடிங் எடுப்பது யார் வேண்டுமானாலும் செய்யக்கூடிய வெறும் கைவேலை என்றால் இந்தக் குழப்பமே வந்திருக்காது. பார்ப்பது ஒரு அறிவு. அதை மதிக்காத இடத்தில் அறிவியலே தடுமாறுகிறது.

அதே நிறுவனத்தில் மரியெட்டா பிளாவ் என்ற பெண் இருந்தார். வியன்னாவில் பிறந்த யூதப் பெண், இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர். 1923 முதல் அங்கே பெரும்பாலும் சம்பளமே இல்லாமல் வேலை செய்தார். மின்னி மறையும் புள்ளியை ஒரு கண் ஒரே ஒரு முறைதான் பார்க்க முடியும். யாரும் திரும்பப் பார்த்துச் சரிபார்க்க முடியாது. துகள் தானே தன் தடத்தை எழுதிவிட்டுப் போனால்? ஒளிப்படத் தகட்டின் பூச்சில் வெள்ளி உப்பு மணிகள் இருக்கின்றன. மின்சுமை உள்ள துகள் அதன் வழியே பாயும்போது வழியிலுள்ள மணிகளில் மாற்றம் ஏற்படும். தகட்டைக் கழுவியெடுத்தால் அந்த மணிகள் கறுத்து, புள்ளி புள்ளியாய் ஒரு கோடு தெரியும். 1925இல் பிளாவ் இந்த முறையில் புரோட்டானின் தடத்தைப் பதிவு செய்தார். ஈர மணலில் நண்டு ஓடிய தடம் மாதிரி, துகள் போன பிறகும் தடம் நிற்கிறது. நாளைக்கும் பார்க்கலாம், இன்னொருவரும் பார்க்கலாம்.

1932 நியூட்ரானின் வருடம். பாரிசில் ஐரீன் ஜோலியோ-கியூரியும் அவர் கணவர் ஃபிரடெரிக்கும் பெரிலியத்திலிருந்து வரும் ஊடுருவும் கதிரைப் பாரஃபின் மெழுகின்மேல் விழச் செய்தார்கள். மெழுகிலிருந்து புரோட்டான்கள் வேகமாகத் தெறித்தன. அந்தக் கதிர் காமா கதிர்தான் என்று அவர்கள் முடிவு செய்தார்கள். காமாவால் புரோட்டானை இவ்வளவு வேகமாகத் தள்ள முடியாது என்று சாட்விக்குக் கணக்கில் தெரிந்தது. புரோட்டான் எடையுள்ள, மின்சுமை இல்லாத ஒன்று மோதினால்தான் இது நடக்கும். சில வாரங்களில் ஆய்வை முடித்து நியூட்ரான் என்றார். இங்கே ஐரீனிடமிருந்து யாரும் எதையும் பறிக்கவில்லை. அவர் பார்த்தார், வேறு பொருள் கொண்டார். பெண்களின் வரலாறு எழுதும்போது இதையும் சேர்த்து எழுத வேண்டும் என்றே நினைக்கிறேன். எல்லா இழப்பும் திருட்டு அல்ல. 1935இல் சாட்விக்குக்கு இயற்பியல் நோபல் கிடைத்த அதே ஆண்டில் ஐரீனும் ஃபிரடெரிக்கும் செயற்கைக் கதிரியக்கத்துக்காக வேதியியல் நோபல் பெற்றார்கள்.

பிளாவும் அவரிடம் மாணவியாக வந்த ஹெர்தா வாம்பாகரும் இன்ஸ்ப்ரூக் அருகே ஹாஃபெலகார் மலையில், ஏறத்தாழ 2300 மீட்டர் உயரத்தில், ஐந்து மாதம் தகடுகளை வைத்துவிட்டு எடுத்தார்கள். வானத்திலிருந்து வரும் காஸ்மிக் கதிர் ஒன்று பூச்சிலிருந்த ஓர் அணுக்கருவை மோதி உடைத்ததில், ஒரே புள்ளியிலிருந்து பல தடங்கள் விண்மீன்போல் விரிந்திருந்தன. 1937இல் இதை வெளியிட்டார்கள். அணுக்கரு நொறுங்குவதைக் கண்ணால் பார்க்க முடிந்தது. அடுத்த ஆண்டு மார்ச்சில் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தது. பிளாவ் நாட்டைவிட்டு வெளியேறி ஓஸ்லோ போய், ஐன்ஸ்டீனின் உதவியால் மெக்சிகோ போய்ச் சேர்ந்தார். வாம்பாகர் நாஜிக் கட்சியில் இருந்தவர். வியன்னாவிலேயே தங்கி ஆய்வைத் தொடர்ந்தார். பெண் என்பதாலேயே பெண்ணுக்குத் துணை நிற்போம் என்பதில்லை. அதிகாரம் யார் பக்கம் நிற்கச் சொல்கிறதோ அந்தப் பக்கம் பெண்களும் நிற்பார்கள். இதையும் நாம் கடந்து போகக் கூடாது.

பிளாவின் தகடு நம் நாட்டில் ஒரு பெண்ணின் கைக்கு வந்தது. பிபா சௌத்ரி 1913இல் கல்கத்தாவில் பிறந்தவர். 1936இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் இயற்பியல் முதுகலை முடித்தபோது அந்த வகுப்பில் அவர் ஒருவர்தான் பெண். ஆய்வு செய்ய வேண்டும் என்று தேவேந்திர மோகன் போஸிடம் போனார். பெண்களுக்குக் கொடுக்கத் தகுந்த ஆய்வு தன்னிடம் இல்லை என்றார் போஸ். பிபா விடவில்லை. கடைசியில் சேர்த்துக்கொண்டார். நான் என் வழிகாட்டியின் அறையிலிருந்து பேசாமல் திரும்பிவந்த அந்த மத்தியானத்தை, இதைப் படித்தபோது நினைத்துக்கொண்டேன்.

போஸ் நிறுவனத்தில் இருவரும் ஒளிப்படத் தகடுகளை டார்ஜிலிங்கிலும், ஏறத்தாழ 3600 மீட்டர் உயரமுள்ள சந்தக்ஃபூவிலும் மாதக்கணக்கில் வைத்தார்கள். புரோட்டான்களும் நியூட்ரான்களும் கருவுக்குள் ஏன் சிதறாமல் சேர்ந்திருக்கின்றன என்ற கேள்வி அப்போது பெரிதாக இருந்தது. நேர்மின்சுமை ஒன்றையொன்று தள்ள வேண்டுமே? அவற்றைப் பிணைக்கும் விசையைச் சுமந்து செல்லும் ஒரு துகள் இருக்க வேண்டும், அதன் எடை எலக்ட்ரானுக்கும் புரோட்டானுக்கும் இடையில் இருக்கும் என்று ஜப்பானின் யுகாவா 1935இல் கணித்திருந்தார். இப்படி இடைப்பட்ட எடை உள்ளவற்றை மெசான் என்றார்கள். புரோட்டான் எலக்ட்ரானைப்போல் 1836 மடங்கு. மெசான் இருநூறு சொச்சம் மடங்கு.

தகட்டில் கோடு தெரிகிறது. அது புரோட்டானா மெசானா என்று எப்படிச் சொல்வது? எங்கள் கடற்கரைப் பிள்ளைகளுக்கு நான் இப்படிச் சொல்வேன். விசைப்படகும் வத்தையும் ஒரே அலையில் போகின்றன. கனமான விசைப்படகு நேரே போகும். வத்தையை ஒவ்வொரு அலையும் தட்டி ஒதுக்கும். அதன் வழி வளைந்து வளைந்து இருக்கும். எடை குறைந்த துகளைப் பூச்சிலுள்ள அணுக்கருக்கள் அதிகம் தட்டி ஒதுக்குகின்றன. ஆகவே கோட்டின் வளைவை அளந்து, கறுத்த மணிகளை எண்ணினால் எடையைக் கணக்கிடலாம். ஒவ்வொரு மணியாக, ஒவ்வொரு வளைவாக, நுண்ணோக்கியில் எடுக்க வேண்டிய ரீடிங் அது. 1940 முதல் 1942 வரை போஸும் பிபாவும் 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரைகள், தங்கள் தகடுகளில் எலக்ட்ரானைப்போல் சுமார் இருநூறு மடங்கு எடையுள்ள துகள்களின் தடம் இருப்பதைக் காட்டின.

அதற்குமேல் துல்லியமாகப் போக நல்ல பூச்சுள்ள தகடு வேண்டும். உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. இல்ஃபோர்டு நிறுவனத்தின் மட்டமான தகடுகள்தான் கிடைத்தன. வேலை அங்கே நின்றது. 1945இல் பிபா இங்கிலாந்து போய் மான்செஸ்டரில் பிளாக்கெட்டிடம் முனைவர் ஆய்வில் சேர்ந்தார். அதே நாட்டில், பிரிஸ்டலில், செசில் பவலின் குழு போருக்குப் பிறகு வந்த மேம்பட்ட தகடுகளை மலையுச்சிகளில் வைத்து, 1947இல் பை-மெசான் என்ற துகளை உறுதியாக அடையாளம் கண்டது. யுகாவா சொன்ன துகள் அதுதான். 1950இல் நோபல் பரிசு பவலுக்கு. பிளாவையும் வாம்பாகரையும் பரிந்துரைத்து ஷ்ரோடிங்கர் எழுதியிருந்தார், பலன் இல்லை. தடங்களிலிருந்து துகளை அறியும் முறைக்கு போஸும் சௌத்ரியும் சரியான அடிப்படையோடு முதல் அடி வைத்தவர்கள் என்று பவல் பின்னாளில் தன் புத்தகத்தில் எழுதினார்.

பிரிஸ்டலில் அந்தத் தகடுகளை நுண்ணோக்கியில் தேடியவர்கள் யார்? பெண்கள். காலை முதல் மாலை வரை தகட்டை நகர்த்தி நகர்த்தித் தடம் தேடுவது அவர்கள் வேலை. வந்து நின்ற ஒரு மெசானிலிருந்து இன்னொரு மெசான் கிளம்பும் அந்தத் தடத்தை முதலில் கண்டவர் மரியெட்டா குர்ஸ் என்ற பெண். இரண்டாவதைக் கண்டவர் ஐரீன் ராபர்ட்ஸ். பவலின் குழுவில் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. தடத்தின் படத்தை அச்சிடும்போது கீழே அதைக் கண்டவரின் பெயரையும் போடுவார்கள். கட்டுரையின் தலைப்பில் அல்ல, படத்தின் அடியில். இருந்தாலும் போட்டார்கள். அதனால்தான் இன்று அந்தப் பெயர்கள் நமக்குக் கிடைக்கின்றன. வியன்னாவின் இருட்டறையில் எண்ணியவர்கள் எல்லோருக்கும் அந்த அளவுகூடக் கிடைக்கவில்லை.

பிபா 1949இல் டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே சேர்ந்த முதல் பெண் ஆய்வாளர் அவர். பின்னர் அகமதாபாதின் இயற்பியல் ஆய்வகத்தில் இருந்தபோது கோலார் தங்கவயல் ஆய்வுகளிலும் பங்கேற்றார். வட ஆற்காட்டிலிருந்து போன தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வெட்டிய அதே சுரங்கம். வானத்திலிருந்து வரும் துகள்களில் மற்றவற்றை மேலிருக்கும் பாறை வடிகட்டிவிடும் என்பதால் ஆய்வுக்கு அந்த ஆழம் தேவைப்பட்டது. பிபா கல்கத்தாவுக்குத் திரும்பி, 1991இல் இறக்கும்வரை ஆய்வை விடவில்லை. எந்த தேசிய விருதும் அவருக்குக் கொடுக்கப்படவில்லை. 2019இல் பன்னாட்டு வானியல் ஒன்றியம் ஒரு விண்மீனுக்கு 'பிபா' என்று பெயர் வைத்தது. தொலைவில் ஒரு நட்சத்திரத்துக்குப் பெயர் வைக்க முடிகிறது. நம் பாடப்புத்தக அட்டவணையில் ஒரு வரி சேர்ப்பது ஏனோ அதைவிடக் கடினமாக இருக்கிறது.

தாம்சனின் பெயரை அழித்துவிட்டு இந்தப் பெயர்களை எழுத வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எந்த உலோகத்திலிருந்து, எந்த வாயுவில் எடுத்தாலும் எலக்ட்ரானின் மின்சுமைக்கும் எடைக்குமான விகிதம் ஒன்றே என்று காட்டியது பெரிய சிந்தனை. அதன் பெருமை அவருக்கே. நான் கேட்பது வேறு. பார்ப்பதையும் எண்ணுவதையும் வேலை என்றும், பெயர் வைப்பதை மட்டும் அறிவு என்றும் பிரித்தது யார்? அந்தப் பிரிவினையில் ஒரு பக்கத்தில் ஏன் எப்போதும் நாம் உட்கார்ந்திருக்கிறோம்?

எங்கள் கடலிலும் அதே பிரிவினை உண்டு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பிறகு, பாசி எடுக்கும் பெண்கள் தங்கள் கடலிலேயே அத்துமீறி நுழைந்தவர்கள் ஆனார்கள். எந்தப் பாறையில் எந்த மாதத்தில் எது வளரும், எவ்வளவு விட்டுவைத்தால் மறுபடி வளரும் என்பது அவர்களுக்குத் தெரியும். 2015இல் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்திக்கு அமெரிக்காவில் சீகாலஜி பரிசு கொடுத்தபோது, பாசி எடுக்கும் பெண் ஒருவரின் பெயர் செய்தித்தாளில் வந்ததை அம்மா மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. படத்தை வைத்துத்தான் புரிந்துகொண்டார். "நம்ம ஆளுதான்" என்றார்.

என் ஆய்வகத்தில் இப்போது ஒரு விதி இருக்கிறது. குழுவாகச் செய்யும் சோதனையில் ரெக்கார்டு நோட்டின் ஒவ்வொரு அட்டவணையின் அடியிலும் ரீடிங் எடுத்தவரின் பெயர் இருக்க வேண்டும். இல்லையென்றால் கையெழுத்துப் போட மாட்டேன். முதலில் பிள்ளைகள் சிரித்தார்கள். பையன்கள் ரீடிங் எடுக்க முன்வரவில்லை, கருவியைத் திருகுவதற்கே போட்டி போட்டார்கள். இரண்டு மாதத்தில் நிலைமை மாறியது. பெயர் வருகிறது என்றதும் ரீடிங்குக்கும் போட்டி வந்தது. இப்போது முறை வைத்துச் செய்கிறார்கள். பெண்பிள்ளைகள் கருவியையும் தொடுகிறார்கள்.

போன வாரம் ஒரு மாணவி நோட்டை நீட்டினாள். தனி ஊசலின் இருபது அலைவுகளுக்கான நேரம். மூன்று முறை எடுத்ததில் ஒன்று மற்ற இரண்டோடு ஒத்துவரவில்லை. அதை அடித்துவிட்டுப் பொருந்தும் எண்ணைப் போடும்படி குழுவிலிருந்த பையன் சொன்னானாம். அவள் அடிக்கவில்லை. "நான் பாத்தது இதுதான் டீச்சர்" என்றாள். கீழே அவள் பெயர் இருந்தது. கையெழுத்துப் போட்டேன். பிறகு நான்காவது முறையும் எடுத்துப் பார்க்கச் சொல்லி அனுப்பினேன்.